பிளாஸ்மாவா எல்.சி.டியா? சரிக்கட்டிவிட்டு ஒப்பிடுங்கள்

கொழும்பில் வீடு மாறிய மச்சான், தன்னுடைய பழைய 42 இஞ்சி பிளாஸ்மா டிவியை லொறியில் ஏற்றி, மலையகத்தில் ஹட்டனில் இருக்கும் எங்களுக்கு அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் ஏற்கெனவே 40 இஞ்சி எல்.சி.டி ஒன்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டதும் வீட்டில் கட்சி பிரிந்தது. பிள்ளைகள் எல்.சி.டி பக்கம்: "பளிச்சுன்னு இருக்கு." அம்மா பிளாஸ்மா பக்கம்: "கண்ணு கூசல." இரண்டுமே கடையில் வைத்த செட்டிங்கில் ஓடிக்கொண்டிருந்தன. அதை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது, ஒரு டீக்கு மூன்று கரண்டி சீனியும் மற்றதற்கு ஒன்றும் போட்டுவிட்டு இலையை ஒப்பிடுவது மாதிரி.

தொடங்குமுன் இரண்டு விஷயம். எல்.ஈ.டி டிவி என்று விற்கிறார்களே, அதுவும் எல்.சி.டிதான். பின்னால் இருக்கும் விளக்குதான் வேறு. எல்.சி.டியில் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் உள்ள திரவப் படிகம் திரை போல மறைத்தும் விட்டும் படத்தை உண்டாக்கும். பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் வாயு நிரம்பிய குட்டி அறை, அதுவே ஒளிரும், அதுவே அணையும். பிளாஸ்மாவை இப்போது யாரும் செய்வதில்லை. பானசோனிக் 2013 கடைசியில் நிறுத்தியது, சாம்சங்கும் எல்.ஜியும் அடுத்த வருஷம். ஆகவே கையில் கிடைப்பது பழையதுதான்.

முதல் படி: இரண்டுக்கும் ஒரே படம்

ஒரே பிளேயரிலிருந்தோ லேப்டொப்பிலிருந்தோ எச்.டி.எம்.ஐ ஸ்பிளிட்டர் வழியாக இரண்டுக்கும் படம் கொடுங்கள். ஒவ்வொரு டிவியிலும் தனித்தனியாக பென் டிரைவ் செருகினால், அந்தந்த டிவியின் பிளேயர் தன் இஷ்டத்துக்குப் படத்தை மாற்றும். சோதனைப் படங்கள், அதாவது கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்டவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பிறகு அரை மணி நேரம் ஓட விடுங்கள். நம் ஊர்க் குளிரில் இதை விட்டுவிட வேண்டாம். எல்.ஈ.டி வருவதற்கு முந்திய எல்.சி.டிகளில் இருப்பது மெல்லிய குழல் விளக்கு, குளிரில் அது முழு வெளிச்சத்துக்கு வர நேரம் எடுக்கும். டிவி இரவில் லொறியில் வந்திருந்தால், உள்ளே பனி பூத்திருக்கலாம். சில மணி நேரம் அறையில் வைத்து, காய்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள்.

இரண்டாம் படி: தானாக வேலை செய்வதையெல்லாம் நிறுத்துங்கள்

பிக்சர் மோட் விவிட் அல்லது டைனமிக்கில் இருக்கும். சினிமா அல்லது மூவிக்கு மாற்றுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். அப்புறம் எக்கோ சென்சர், டைனமிக் கொன்ட்ராஸ்ட், நொய்ஸ் ரிடக்ஷன், அசைவை வழவழப்பாக்கும் மோஷன் வசதி எல்லாவற்றையும் ஓஃப் செய்யுங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்படாமல் இருக்க, திரை அளவில் ஜஸ்ட் ஸ்கேன் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் படி: கறுப்பு

இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. ரிமோட்டில் பிரைட்னஸ் என்று இருப்பது வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு அல்ல, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று வைப்பதற்கு. எல்.சி.டியில் வெளிச்சத்துக்குத் தனியாக பேக்லைட் என்று இருக்கும்.

வீடியோவில் வெளிச்சத்தை 0 முதல் 255 வரை எண்களால் குறிப்பார்கள், அதில் கறுப்பு என்பது 16, வெள்ளை 235. சோதனைப் படத்தில் 16ஐச் சுற்றி வரிசையாகப் பட்டைகள் இருக்கும். அறையை இருட்டாக்கி, பிரைட்னஸை 17 என்ற எண்ணுள்ள பட்டை மங்கலாகத் தெரிகிற அளவுக்கு ஏற்றுங்கள். 16உம் அதற்குக் கீழே உள்ளவையும் பின்னணியோடு கரைந்துபோக வேண்டும். எவ்வளவு திருகியும் 20 கூடத் தெரியவில்லை, அல்லது கறுப்பே சாம்பலாக நிற்கிறது என்றால், லேப்டொப் ஒரு அளவிலும் டிவி வேறு அளவிலும் பேசுகின்றன. எச்.டி.எம்.ஐ ரேஞ்ச் என்ற செட்டிங்கை இரண்டு பக்கமும் லிமிட்டெட்டில் வையுங்கள். நான் இது தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

நான்காம் படி: வெள்ளை, நிறம்

கொன்ட்ராஸ்ட்டை வெள்ளைப் பட்டைகள் 235 வரை தனித்தனியாகத் தெரியும்படி வைத்தால் போதும். ஷார்ப்னஸைக் குறையுங்கள், எழுத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு மறையும் இடம் சரி.

கலர் டெம்பரேச்சரை வார்மில் வையுங்கள். படங்களைத் தயாரிப்பவர்கள் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு சுமார் 6500 கெல்வின், டிவியில் பெரும்பாலும் வார்ம்தான் அதற்குக் கிட்ட வரும். மேகம் மூடிய பகல் வெளிச்சமும் ஏறத்தாழ அதுதான். ஜூன், ஜூலையில் ஹட்டனில் ஜன்னலைத் திறந்தால் தெரிகிறதே, அந்த வெளிச்சம். முதல் நாள் "மஞ்சளா இருக்கே" என்று வீட்டில் சண்டை வரும். மூன்று நாள் பொறுங்கள், பிறகு பழைய செட்டிங்கைப் போட்டுக் காட்டினால் அவர்களே நீலம் என்பார்கள்.

ஐந்தாம் படி: வெளிச்சத்தைச் சமப்படுத்துவது

இதைச் செய்யாத ஒப்பீடு எதையும் நான் நம்புவதில்லை. பளிச்சென்ற படம் எப்போதும் நல்ல படமாகத் தோன்றும், கண்ணின் குணம் அது.

கருவி வேண்டாம், போன் கமெரா போதும். புரோ மோடில் ஐ.எஸ்.ஓவையும் (கமெரா ஒளியை உணரும் அளவு) ஷட்டரையும் (ஒளியை உள்ளே விடும் நேரம்) மாறாதபடி பூட்டுங்கள். ஷட்டர் 1/25 செக்கன் மாதிரி மெதுவாக இருக்கட்டும், இல்லையென்றால் பிளாஸ்மாவின் துடிப்பு கோடு கோடாக விழும். கறுப்புத் திரையின் நடுவில் சிறிய வெள்ளைப் பெட்டி ஒன்றைப் போட்டு, இரண்டு டிவியையும் ஒரே தூரத்தில் படம் எடுங்கள். பிறகு எல்.சி.டியின் பேக்லைட்டை இறக்கி, பெட்டிகள் ஒரே மாதிரி வரும்வரை திரும்ப எடுங்கள். பெட்டி சிறியதாக இருப்பது முக்கியம். திரை முழுக்க வெள்ளை போட்டால், மின்சாரம் அளவு மீறாமலிருக்க பிளாஸ்மா தானாகவே மங்கும்.

என் எல்.சி.டியின் பேக்லைட் 100இல் இருந்து 30க்கு இறங்கியது. அந்த இடத்திலேயே பிள்ளைகள் கட்சி பாதி கலைந்தது.

ஆறாம் படி: இரவில் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை

இரவில் விளக்கை அணைத்து, இருட்டுக் காட்சி உள்ள படம் ஒன்றைப் போடுங்கள். எல்.சி.டியில் கறுப்பு, சாம்பல் நிறமாக மிதக்கும், ஏனென்றால் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. இதிலும் வகை உண்டு. ஐ.பி.எஸ் பேனல் என்றால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் விகிதம் ஏறக்குறைய 1000க்கு 1, வி.ஏ பேனல் 3000க்கு 1 என்றும் அதற்கு மேலும் போகும். நல்ல வி.ஏ பேனலைச் சரிக்கட்டினால் சாதாரண பிளாஸ்மாவுக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். ஆனால் வி.ஏவைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஒடுங்கிய அறையில் ஏழு பேர் உட்கார்ந்து பார்க்கும் வீடுகள் நம்முடையவை. வாசற்படியில் உட்காருகிறவருக்கு பிளாஸ்மாதான் நியாயம் செய்கிறது.

அசைவுக்குக் கிரிக்கெட்டை விடச் சோதனை இல்லை. எல்லைக்கோட்டை நோக்கி ஓடும் பந்தை கமெரா துரத்தும்போது பின்னால் உள்ள கூட்டத்தைப் பாருங்கள். எல்.சி.டியில் அது குழம்பும், பிளாஸ்மாவில் முகங்கள் தெரியும். பிளாஸ்மாவிலும் குறை இருக்கிறது. இலங்கை ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 தடவை, அந்த வேகத்தில் பெரிய வெள்ளைப் பரப்பு லேசாக மினுக்கும். லேப்டொப் பெரும்பாலும் 60இல் அனுப்புவதால் அங்கே இது தெரியாது. ஆகவே உள்ளூர் சனல் ஒன்றையும் போட்டுப் பாருங்கள்.

பகலில் ஜன்னல் சீலையை விலக்கிவிட்டால் கதை மாறும். பிளாஸ்மாவின் கண்ணாடியில் ஜன்னலும் எதிர் மலையும் தெரியும், படம் அதற்குப் பின்னால் எங்கோ இருக்கும். எல்.சி.டியின் பேக்லைட்டை ஏற்றினால் போதும், நிமிர்ந்து நிற்கும். பகலுக்கும் இரவுக்கும் இரண்டு மோடில் தனித்தனியாகச் சேமித்து வைப்பது நல்லது.

மலைக்கு வந்த பிளாஸ்மா

இது வேறு எங்கும் தேவைப்படாத குறிப்பு. பிளாஸ்மா பேனலின் உள்ளே வாயு அழுத்தம் குறைவு, வெளிக்காற்றுதான் இரண்டு கண்ணாடிகளையும் அழுத்திப் பிடித்திருக்கிறது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும், பிடி தளரும், பேனல் அதிர்ந்து ரீங்காரமிடும். கையேட்டில் உயர எல்லை போட்டிருந்தால் வாங்குமுன் பாருங்கள். ஹட்டனில் எங்கள் வீட்டில் அது லேசான முனகல், தகரக் கூரையில் மழை பெய்தால் கேட்காது. நுவரெலியாவில் இருக்கும் மாமா ஆசைப்பட்டுக் கேட்டார் என்று ஒரு வாரம் கொண்டுபோய் வைத்தோம். அங்கே உயரம் 1868 மீட்டர், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. வெள்ளைக் காட்சி வரும்போதெல்லாம் வண்டு புகுந்த மாதிரி சத்தம். "படம் நல்லாத்தான்டா இருக்கு, நீயே கொண்டு போயிரு" என்று திருப்பித் தந்துவிட்டார்.

இப்போது முன்னறையில் எல்.சி.டி, ஜன்னல் இல்லாத உள்ளறையில் பிளாஸ்மா. இரவு மெட்ச் என்றால் எல்லோரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். ஸ்கோர் பட்டி மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் பிளாஸ்மாவில் தடம் விழும், அதனால் இடைவேளையில் சனல் மாற்றும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் நாடகத்துக்கு மாற்றிவிட்டு ரிமோட்டைத் திருப்பித் தருவதில்லை.