என்.எஃப்.எல். வைல்ட் கார்டு: யார் உள்ளே, யார் வெளியே என்று நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

என்.எஃப்.எல். என்பது அமெரிக்கன் ஃபுட்பால் லீக். சீசன் முடிந்ததும் பிளேஆஃப் எனும் நாக்-அவுட் ஆட்டங்கள் நடக்கும். டிவிஷனில் முதலிடம் பிடிக்காமலே அதில் நுழைய உள்ள வழிதான் வைல்ட் கார்டு. கணக்குப் போட ஒரு தாள், பேனா, அணிகளின் வெற்றி-தோல்விப் பட்டியல் இருந்தால் போதும். 2024 சீசனின் என்.எஃப்.சி. கான்ஃபரன்ஸை (லீக்கின் இரு பாதிகளில் ஒன்று) வைத்துப் போட்டுப் பார்ப்போம். டிரா ஆன ஆட்டம் அரை வெற்றி, அரை தோல்வி.

படி 1: கான்ஃபரன்ஸில் 16 அணிகள், நாலு நாலாக நான்கு டிவிஷன்கள். ஒவ்வொரு டிவிஷனிலும் முதலிடம் பிடித்த சாம்பியன்களை மட்டும் முதலில் எழுதுங்கள்: லயன்ஸ் 15-2 (15 வெற்றி, 2 தோல்வி), ஈகிள்ஸ் 14-3, பக்கனியர்ஸ் 10-7, ராம்ஸ் 10-7. சீட், அதாவது பிளேஆஃப் தரவரிசை எண், 1 முதல் 4 வரை இவர்களுக்குத்தான்.

படி 2: மீதி 12 அணிகளை டிவிஷன் பார்க்காமல் வரிசைப்படுத்துங்கள். முதல் மூன்றும் வைல்ட் கார்டு: வைக்கிங்ஸ் 14-3, கமாண்டர்ஸ் 12-5, பேக்கர்ஸ் 11-6. சீட் 5, 6, 7. (2002 முதல் 2019 வரை இரண்டே இடம்தான்.)

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். 14 ஆட்டம் ஜெயித்த வைக்கிங்ஸ், 10 ஜெயித்த ராம்ஸுக்குக் கீழே எப்படி? வைக்கிங்ஸ் இருப்பது லயன்ஸின் டிவிஷனில், அதாவது என்.எஃப்.சி. நார்த்தில். கடைசி வாரம் இரண்டுமே 14-2 என்ற நிலையில் மோதின. லயன்ஸ் 31-9 என வென்றது. ஜெயித்திருந்தால் வைக்கிங்ஸுக்கு சீட் 1. தோற்றதால் நேராக 5. நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் விதி அதுதான்.

படி 3: சமநிலை வந்தால் எப்போதும் டிவிஷனுக்குள் முதலில் தீர்க்க வேண்டும். ராம்ஸும் சீஹாக்ஸும் 10-7. நேருக்கு நேர் 1-1, டிவிஷன் ஆட்டங்களிலும் சமம். கடைசியில், வீழ்த்திய அணிகளின் மொத்த வெற்றி விகிதம் ராம்ஸைக் காப்பாற்றியது. ஏழாவது இடமே 11-6க்குப் போனதால் சீஹாக்ஸ் வீட்டுக்கு.

வெவ்வேறு டிவிஷன் அணிகள் என்றால் வரிசை இது: மோதியிருந்தால் நேருக்கு நேர் முடிவு, கான்ஃபரன்ஸுக்குள் ஆடிய ஆட்டங்களின் கணக்கு, பொது எதிரணிகளுடனான முடிவு (குறைந்தது 4 ஆட்டம்), பிறகு வீழ்த்திய அணிகளின் விகிதம். ஐ.பி.எல். பழக்கத்தில் நெட் ரன் ரேட் மாதிரி புள்ளி வித்தியாசத்தைத் தேடாதீர்கள். அவ்வளவு சீக்கிரம் அது வராது.

மூன்று அணிகள் சமம் என்றால், டிவிஷனுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். நேருக்கு நேர் முடிவு, ஒரே அணி மற்ற எல்லாரையும் வென்றிருந்தால் அல்லது எல்லாரிடமும் தோற்றிருந்தால் மட்டுமே செல்லும். ஒரு இடம் நிரம்பியதும் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். ஒதுக்கி வைத்த அணியும் திரும்ப வரும். பலரும் தப்பு விடுவது இந்த இடத்தில்தான்.

படி 4: பிளேஆஃப் முதல் சுற்றில் சீட் 2-உம் 7-உம், 3-உம் 6-உம், 4-உம் 5-உம் மோதும், சீட்டில் மேலே இருப்பவர் மைதானத்தில் ஆட்டம். சீட் 1-க்கு ஓய்வு. அடுத்த சுற்றுக்கு முன்கூட்டியே அம்புக்குறி போட்டு வைக்காதீர்கள். எஞ்சியவர்களில் கடைசி சீட்தான் சீட் 1-இடம் போகும். பக்கனியர்ஸை 23-20 என வென்ற கமாண்டர்ஸ் அப்படித்தான் சீட் 1 லயன்ஸின் ஊரான டெட்ராய்ட் போய், அவர்களை 45-31 என வெளியேற்றியது.