வீட்டிலிருந்து சேலை விற்பவர்களுக்கு: கொள்முதல் பில்களை ஒழுங்காக வைப்பது எப்படி?

ஈரோட்டிலும் இளம்பிள்ளையிலும் சௌகார்பேட்டையிலும் சேலை எடுத்து வந்து, வாட்ஸ்அப் குரூப்பிலும் அக்கம்பக்கத்திலும் விற்பவர்கள் இன்று ஏராளம். எந்தச் சேலைக்கு என்ன கலர், யார் கேட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆனால் அந்தச் சேலையின் அடக்க விலை, அதாவது வரியும் வழிச்செலவும் சேர்த்து வீடு வந்து சேர ஆன விலை என்ன என்று கேட்டால், "நானூத்தம்பதோ என்னமோ" என்பார்கள். பில் ஹேண்ட்பேக்கில் இருக்கும், அல்லது சேலைக் கட்டோடு பீரோவுக்குள் போயிருக்கும்.

வரி கட்டுபவர்களுக்குத்தானே பில் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் உண்மையில் சம்பாதிக்கிறீர்களா என்று சொல்லக்கூடிய ஒரே காகிதம் கொள்முதல் பில்தான். எந்தச் சேலையைக் கையில் எடுத்தாலும் அது எந்த பில்லில் வந்தது, வீடு வந்து சேர என்ன ஆனது என்று ஒரு நிமிடத்தில் சொல்ல முடிய வேண்டும். கீழே உள்ள எல்லாம் அதற்காகத்தான். சேலையை வைத்துச் சொல்கிறேன். நைட்டி, பனியன் துணி, கவரிங் நகை எதை விற்றாலும் முறை இதுதான்.

தேவையானவை கொஞ்சம்தான்: ஒரு லாங் சைஸ் நோட்டு, மாதத்துக்கு ஒன்றாக 12 பிரவுன் கவர், பால்பாயிண்ட் பேனா, நூல் கட்டிய சின்ன அட்டை டேக், கேமரா உள்ள போன்.

1. கடையை விட்டு வெளியே வரும் முன்பே பில்லைப் பாருங்கள்

மொத்தக் கடைகளில் மூன்று வகைக் காகிதம் கைக்கு வரும்.

முதலாவது ஜிஎஸ்டி பில். கடையின் 15 எழுத்து ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, துணி விவரம், வரி எல்லாம் அதில் இருக்கும். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, சூரத் உள்ள குஜராத்துக்கு 24. அடுத்த பத்து எழுத்து கடைக்காரரின் பான் எண். சேலைக்கு வரி 5 சதவீதம். நம் மாநிலக் கடை என்றால் அது மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று பிரிந்திருக்கும். சூரத்திலிருந்து பார்சலில் வந்தால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான வரி) 5 என்று ஒரே வரியாக இருக்கும்.

இரண்டாவது, வரிக் கட்டமே இல்லாத பில். கடைக்காரர் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய ஜிஎஸ்டி திட்டம்) இருந்தால் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. அதனால் அந்த பில்லில் வரி காட்டப்பட்டிருக்காது. இதுவும் முறையான பில்தான்.

மூன்றாவதுதான் தொல்லை: "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. கடைப் பெயரே இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் எழுதியிருக்கும். அவசரத்தில் அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். "பில்லாகப் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். வரி சேர்ந்து கொஞ்சம் கூடுதலாகும்தான். ஆனால் சாயம் போனால், கிழிசல் இருந்தால் திரும்பக் கொண்டுபோய் நிற்க அந்தக் காகிதம்தான் உங்களுக்குத் துணை.

தறிக்காரர் வீட்டிலேயே எடுக்கிறீர்கள், அவரிடம் பில் புக் இல்லை என்றால் என்ன செய்வது? நீங்களே ஒரு வவுச்சர் எழுதுங்கள். ஸ்டேஷனரி கடையில் வவுச்சர் புத்தகம் கிடைக்கும். தேதி, அவர் பெயர், ஊர், போன் எண், எத்தனை சேலை, என்ன விலை என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பணத்தை யுபிஐயில் அனுப்பினால் வங்கிக் கணக்கும் சாட்சியாகிவிடும்.

பில்லில் வாங்குபவர் பெயரை எப்போதும் ஒரே மாதிரி சொல்லுங்கள். ஒரு கடையில் உங்கள் பெயர், இன்னொன்றில் கணவர் பெயர், மூன்றாவதில் வெறும் "கேஷ்" என்றிருந்தால் பின்னால் எதுவும் சேராது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் உங்கள் எண்ணும் பில்லில் ஏற வேண்டும். அது இல்லாமல் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

2. வீட்டுக்கு வந்த அன்றே எண் போடுங்கள்

ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து கணக்கிட்டு, வரும் முதல் பில்லுக்கு 1, அடுத்ததற்கு 2 என்று வரிசையாக எண் கொடுங்கள். கடைக்காரரின் பில் எண்ணைப் பற்றி இங்கே கவலை வேண்டாம். இது உங்கள் எண். பில்லின் வலது மேல் மூலையில் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். கடை வாரியாக, துணி வாரியாக என்று பிரிக்கத் தொடங்கினால் இரண்டாவது மாதமே குழம்பும். வரிசை எண் ஒன்று போதும்.

3. போட்டோ எடுங்கள், குறிப்பாக வழவழப்பான தாளில் வரும் பில்லை

சின்ன மெஷினில் அடித்துத் தரும் பில் மையால் அச்சடித்தது அல்ல. அந்தத் தாளின் மேல் ஒரு ரசாயனப் பூச்சு இருக்கிறது. சூடு பட்ட இடம் கறுத்து எழுத்தாகிறது. அதே காரணத்தால்தான் வெயில், வெப்பம், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் கவர், செலோடேப் எல்லாம் அதைக் கெடுக்கும். சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகவே ஆகிவிடலாம். லேமினேஷன் செய்யப் போனால் சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும்.

அதனால் வந்த அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். பில்லைத் தரையில் விரித்து, நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரிய எடுக்க வேண்டும். கூகுள் டிரைவ் ஆப்பில் ஸ்கேன் செய்யும் வசதி உண்டு. அது ஓரத்தை வெட்டி நேராக்கி பிடிஎஃப் ஆக்கித் தரும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தில் பல வருட பில் அடங்கும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: "2025-06-10 பில் 14 ஈரோடு 10080". இப்படி வைத்தால் கோப்புகள் தாமாகவே தேதி வாரியாக அடுக்கிக்கொள்ளும். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்லையும் அங்கேயே விட்டுவிடாமல் இந்த ஃபோல்டருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். போன் மாற்றும்போது முதலில் காணாமல் போவது வாட்ஸ்அப்பில் கிடப்பவைதான்.

போட்டோ எடுத்ததும் அசல் அந்த மாதக் கவருக்குள் போகட்டும். பிளாஸ்டிக் ஃபைல் வேண்டாம், காகிதக் கவரே நல்லது.

4. நோட்டில் அடக்க விலை போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை ஈரோடு ஜவுளிச் சந்தையில் 450 ரூபாய்க்கு 12 காட்டன் சேலை, 700 ரூபாய்க்கு 6 சேலை எடுக்கிறீர்கள். 5,400-உம் 4,200-உம் சேர்ந்து 9,600. வரி 5 சதவீதம் 480. பில் தொகை 10,080. போக வர பஸ், மூட்டை தூக்கிய கூலி, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ எல்லாம் சேர்த்து 360.

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர் என்றால் அந்த வரி உங்களுக்குத் திரும்பாது. அதுவும் சேலையின் விலைதான். வழிச்செலவு 360-ஐ 18 சேலைக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 20.

450 ரூபாய்ச் சேலை: 450 + 22.50 + 20 = 492.50
700 ரூபாய்ச் சேலை: 700 + 35 + 20 = 755

சரிபார்க்க, 12 சேலைக்கு 5,910, 6 சேலைக்கு 4,530, கூட்டினால் 10,440. பில் 10,080-உம் செலவு 360-உம் சேர்ந்தது அதே தொகை. கணக்கு சரி.

இப்போது அந்தக் காட்டன் சேலையை "ஃப்ரீ ஷிப்பிங்" என்று போட்டு 600-க்கு விற்கிறீர்கள். 450-க்கு எடுத்தது, 150 லாபம் என்று மனது சொல்லும். கூரியர் 60, கவர் டேப் எல்லாம் 10 என்று வைத்தால், 600-இல் 70 போக 530. அடக்க விலை 492.50 கழித்தால் கையில் நிற்பது 37.50. ஒரு வாடிக்கையாளர் பேரம் பேசி 50 ரூபாய் குறைத்தால், கைக்காசைப் போட்டு அவருக்குச் சேலை கொடுக்கிறீர்கள். நாள் முழுக்கப் போனும் கையுமாக உழைப்பவர்கள் மாதக் கடைசியில் பணம் எங்கே போனது என்று தேடுவது பெரும்பாலும் இங்கேதான்.

நோட்டில் இந்தக் கட்டங்கள் போதும்: நம் பில் எண், தேதி, கடையும் ஊரும், சரக்கு, எத்தனை, பில் விலை, வரி, வழிச்செலவு, ஒன்றின் அடக்க விலை, பணம் கொடுத்த விதம். பஸ் டிக்கெட், லாரி சர்வீஸ் ரசீது, ஆட்டோவுக்குக் கொடுத்த தொகை எழுதிய துண்டு, எல்லாவற்றையும் அந்த பில்லின் பின்னாலேயே ஸ்டேப்ளர் அடித்து வையுங்கள். கம்ப்யூட்டர் பழக்கம் இருந்தால் எக்செல்லில் போடலாம். நோட்டை விட அது உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் எதைத் திறப்பீர்களோ அதில் எழுதுங்கள்.

5. சேலையிலும் எண் தொங்கட்டும்

14-ஆவது பில்லில் இரண்டாவது வரியில் உள்ள சரக்கு என்றால் டேக்கில் "14/2" என்று எழுதிக் கட்டுங்கள். ஜவுளிக் கடைகளில் அடக்க விலையை ரகசிய எழுத்தில் டேக்கில் எழுதும் பழக்கம் உண்டு. உங்களுக்கு அது தேவையில்லை. "14/2" பார்ப்பவருக்கு எதையும் சொல்லாது. நோட்டைத் திறந்தால் உங்களுக்கு எல்லாம் சொல்லும். குரூப்பில் படம் போடும்போதும் இதே எண்ணைக் குறிப்பில் போடுங்கள், "அந்த பச்சை சேலை" என்ற குழப்பம் போகும்.

6. திரும்பியது, சேதமானது, வீட்டுக்கு எடுத்தது

கடைக்குத் திருப்பிக் கொடுத்தால் கிரெடிட் நோட் (திருப்பிய சரக்கின் தொகையை உங்கள் பெயரில் கழித்துக் காட்டும் சீட்டு) கேட்டு வாங்கி, பழைய பில்லோடு சேர்த்து வையுங்கள். "அடுத்த தடவை கழிச்சுக்கலாம்" என்று வாயால் சொன்னால் தேதியும் தொகையும் பில்லின் மேலேயே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம் வீட்டு விஷயம். நாத்தனாருக்குப் பிடித்தது என்று ஒன்று, தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒன்று என்று ஸ்டாக்கிலிருந்து போகும். கொடுங்கள், அது உங்கள் சந்தோஷம். ஆனால் நோட்டில் "சொந்தம்" என்று எழுதி, அடக்க விலையைத் தொழில் பணத்தில் போட்டுவிடுங்கள். அதேபோல மளிகையும் சேலையும் ஒரே வங்கிக் கணக்கில் ஓட வேண்டாம். தொழிலுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கோ நடப்புக் கணக்கோ தொடங்கி யுபிஐயை அதில் இணைத்தால் பாதி வேலை முடிந்தது.

7. மாதம் ஒருமுறை வங்கியோடு ஒப்பிடுங்கள்

யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை பில் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் போனது என்றுதான் அது சொல்லும். எதற்குப் போனது என்று சொல்லாது. எனவே பில்லின் மேல் யுபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண்ணை எழுதிவிடுங்கள். மாதக் கடைசியில் வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, கடைகளுக்குப் போன ஒவ்வொரு தொகைக்கும் கவரில் பில் இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். இல்லாததை அந்த வாரமே கடைக்காரரிடம் கேட்டால் மறுபடி எடுத்துத் தருவார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

8. வரிக்காகத் தெரிந்திருக்க வேண்டியது

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனால் பெங்களூருக்கோ கொச்சிக்கோ ஒரு சேலை அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. அதற்கு இந்த 40 லட்ச வரம்பு பொதுவாகப் பொருந்தாது. அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வெளிமாநில ஆர்டர் வரத் தொடங்கினால் முதலில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

வருமான வரியில், சிறு வியாபாரிகள் வங்கி வழியாகவும் யுபிஐயிலும் வந்த விற்பனைக்குக் குறைந்தது 6 சதவீதம், ரொக்க விற்பனைக்குக் குறைந்தது 8 சதவீதம் லாபம் என்று காட்டி விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமல் தாக்கல் செய்யும் வழி இருக்கிறது. சரக்கை வாங்காமல் கமிஷன் மட்டும் பெறுபவர்களுக்கு இது கிடையாது. முழுக் கணக்கு வைத்து லாபம் காட்டுபவர்கள் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தக் கொள்முதலைச் செலவாகக் காட்ட முடியாது. மேலே பார்த்த ஈரோட்டு பில் 10,080. 80 ரூபாயால் அந்த வரம்பைத் தாண்டுகிறது. அதனால் பெரிய தொகை என்றால் யுபிஐ அல்லது வங்கிப் பரிமாற்றம்தான்.

9. மார்ச் 31

அன்று மாலை பீரோவைத் திறந்து விற்காமல் இருக்கும் சேலைகளை டேக் எண்ணோடு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் உள்ள அடக்க விலையைப் போட்டுக் கூட்டினால் அதுதான் கடைசி இருப்பு. டேக் எண் இருப்பதால் சின்ன வியாபாரத்துக்கு ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். எந்த பில் சரக்கு அதிகம் தேங்கியிருக்கிறது என்பதும் அப்போதே தெரியும். அடுத்த தடவை அந்தக் கடையில் அந்த ரகத்தை எடுக்காதீர்கள்.

12 கவரையும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மேலே நிதியாண்டை எழுதி, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, பதிவு செய்தவர்கள் ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். பதிவு செய்யாதவர்களும் எட்டு வருடம் வைத்துக்கொள்வது நல்லது. மறுநாள், ஏப்ரல் 1, புது நோட்டு. முதல் பில்லுக்கு மறுபடி எண் 1.