க்னூட் மன்னரின் தாய்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் ஆண்ட க்னூட்டின் தாய் யார் என்று இணையத்தில் தேடினால் ஸ்வியன்டோஸ்வாவா, கூன்ஹில்ட், சிக்ரிட் என்று மூன்று பெயர்கள் வரும். மூன்றையும் ஒரே ஆளாக்கி ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிவிடுவதுதான் வழக்கமான தவறு.

அவர் காலத்தை ஒட்டிய சான்றை முதலில் பாருங்கள். 1018இல் இறந்த மெர்சபுர்க் ஆயர் தீட்மார் தருவது இவ்வளவே: போலந்தை ஆண்ட மியெஷ்கோவுக்கு மகள், போலெஸ்லாவுக்குச் சகோதரி, டென்மார்க் அரசர் கவைத்தாடி ஸ்வெய்னுக்கு மனைவி, ஹரால்டுக்கும் க்னூட்டுக்கும் தாய், கணவரால் நெடுங்காலம் விலக்கி வைக்கப்பட்டவர். பெயர் இல்லை. மியெஷ்கோவின் மனைவி டோப்ரவாதான் இவரைப் பெற்ற தாய் என்றும் தீட்மார் சொல்லவில்லை. ஆகவே, டோப்ரவாவின் திருமண ஆண்டான 965ஐ வைத்து இவர் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் அது ஊகத்தின் மேல் ஊகம்.

ஸ்வியன்டோஸ்வாவா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? வின்செஸ்டர் மடத்தில் 1031இல் தொடங்கிய பிரார்த்தனைப் பெயர்ப் பதிவேட்டில் ‘நம் அரசர் க்னூட்டின் சகோதரி சான்ட்ஸ்லாவே’ என்று ஒரு வரி இருக்கிறது. மகளுக்கு ஸ்லாவியப் பெயர் என்றால் தாய்க்கும் அதுவே இருந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெயரை எழுதுங்கள், ‘இருக்கலாம்’ என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கூன்ஹில்டும் சிக்ரிட்டும் ஐஸ்லாந்துக் கதைகளின் பெயர்கள். 1230 வாக்கில் எழுதிய ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்நோரியிடம் இவர்கள் இரண்டு பெண்கள். க்னூட்டைப் பெற்ற கூன்ஹில்ட் இறந்த பிறகே ஸ்வெய்ன் சிக்ரிட்டை மணக்கிறார். கூன்ஹில்டின் தந்தையாக வரும் புரிஸ்லாவை அப்படியே மியெஷ்கோ என்று மாற்றிவிடாதீர்கள். மியெஷ்கோ இறந்தது 992இல், கதையின் புரிஸ்லாவோ அதற்குப் பிறகும் அரசாள்கிறார்.

குழப்பத்தின் வேர் ஜெர்மன் வரலாற்றாசிரியர் பிரேமன் ஆதாம். ஸ்வீடன் அரசர் எரிக்கை இழந்த கைம்பெண்ணே ஸ்வெய்னை மணந்து க்னூட்டைப் பெற்றார் என்று 1075 வாக்கில் எழுதியவர். இவரைத் தள்ளிவிடவும் முடியாது. ஸ்வெய்னின் பேரனான டென்மார்க் அரசரிடமே கேட்டு எழுதியிருக்கிறார். ஆனால் ஆதாமின் கைம்பெண்ணோடு, நார்வே அரசர் ஓலாஃப் டிரிக்வசனிடம் கையுறையால் அடிவாங்கிய ஸ்நோரியின் சிக்ரிட்டைக் கலந்தால் கணக்கு உதைக்கும். அந்தச் சம்பவத்தை 998 வாக்கில் வைக்கிறார்கள். அதன் பிறகுதான் ஸ்வெய்னுடன் திருமணம் என்றால், 1013இல் இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் கப்பல்களையும் பிணைக்கைதிகளையும் காத்து நின்ற க்னூட்டுக்கு 14 வயதுக்கு மேல் இருந்திருக்காது. (அந்த அடி வாங்கும் ஓவியமும் 19ஆம் நூற்றாண்டுக் கைவண்ணம்தான். உருவப்படமாகப் போட வேண்டாம்.)

க்னூட்டின் தாய் இறந்த ஆண்டாக 1014ஐப் போடுவதும் சரியல்ல. ஸ்வெய்ன் அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்த பின், மகன்கள் இருவரும் ஸ்லாவ் நாட்டுக்குப் போய்த் தாயை அழைத்து வந்தார்கள் என்று, க்னூட்டின் மனைவி எம்மாவுக்காக 1041-42இல் எழுதப்பட்ட நூல் சொல்கிறது. ‘1014இலோ அதற்குப் பிறகோ’ என்பதே பொருந்தும்.