வாடகை பாக்கியும் ஒழுகும் கூரையும்: புது வீட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர்கள் இப்போது அதிகம். ஈபிஎஃப் சேமநிதிப் பணம் கைக்கு வரும், பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ சம்பாதிக்கத் தொடங்குவார்கள், உடனே தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு தெரஸ் வீடு. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர்கள் வீட்டுக்காரர் ஆவது எனக்குச் சந்தோஷமான விஷயம். ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் அந்தக் காலத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதையே இவர்களும் ஒவ்வொன்றாகப் படுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஐசி (அடையாள அட்டை) நகல் வாங்குவது, முன்பணம் வாங்காமல் சாவி கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாவி இருக்கிறதே என்று போய்த் திறப்பது

கிராண்டில் (வீட்டுப் பட்டாவில்) உங்கள் பெயர் இருக்கலாம். ஆனால் வாடகைக்கு விட்ட பிறகு அங்கே நடப்பது இன்னொருவருடைய குடும்பம். பைப் பார்க்கவோ கூரை பார்க்கவோ போவதாக இருந்தால் முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி, எந்த நேரம் வசதி என்று கேட்டு, பதில் வந்த பிறகு போங்கள். பைப் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது, வயர் கருகுகிற வாசம் வருகிறது என்றால் போன் செய்துவிட்டு உடனே போகலாம். 24 மணி நேரத்துக்கு முன் தெரிவித்துவிட்டு வருவேன் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்பி மத்தியானம் திரும்பிக் கொஞ்சம் படுப்பார்கள். தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்குக் காலை பத்து மணிதான் நடுராத்திரி. கணவர் வெளியூரில் வேலை பார்க்கும் வீட்டுக்கு ஓர் ஆண் தனியாகப் போய் நிற்கக்கூடாது. மனைவியையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். பிளம்பரை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் காப்பிக்கடையில் உட்காராதீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரத்தில் சுவரை உடைக்கும் வேலையே வேண்டாம்.

கோயிலில் வைத்து வாடகை கேட்பது

கேட்காதீர்கள். கல்யாண வீட்டிலும் வேண்டாம், சாவு வீட்டிலும் வேண்டாம். நாலு பேர் முன்னால் கேட்டவருடைய போனை அப்புறம் யாரும் எடுப்பதில்லை.

"வாடகை வரட்டும், அப்புறம் ரிப்பேர்"

நின்று பேச வேண்டிய தவறு இதுதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், தோட்டத்து ஆபீஸில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். தாமானில் வாங்கிய வீட்டை ஓர் இளம் தம்பதிக்கு மாதம் 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) விட்டிருந்தார். கணவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். லோரி பட்டறையில் கிடந்ததில் இரண்டு மாத வாடகை நின்றுபோனது. அந்த நேரத்தில் மனைவி போன் செய்தாள். "அங்கிள், பின் ரூம் சிலிங்ல கறை மாதிரி இருக்கு. மழை வந்தா சொட்டுது." இவர் சொன்ன பதில்: "முதல்ல ரெண்டு மாச வாடகைய கட்டச் சொல்லும்மா. அப்புறம் கூரையப் பார்க்கலாம்."

பழுது ஒன்றும் பெரிதில்லை. பின்பக்கம் கூட்டிக் கட்டிய சமையலறையின் ஜிங்க் கூரை பழைய ஓட்டுக் கூரையோடு சேரும் இடத்தில் தகடு தூக்கிக்கொண்டிருந்தது. நம் ஊர்த் தெரஸ் வீடுகளில் பாதி ஒழுகல் அந்த இடத்தில்தான். ஆள் ஏறித் தகட்டை அடித்து, இடைவெளியை அடைத்து இறங்க அரை நாள் போதும். 200 வெள்ளிக்குள் முடிந்திருக்கும்.

அக்டோபர், நவம்பர் மழை எப்படி என்று பேராக்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தால் சாயங்காலம் வரை கொட்டும். சிலிங் பலகை ஊறி ஒரு மூலை இடிந்து விழுந்தது. விளக்குப் பாயிண்டில் தண்ணீர் இறங்கியது, மெயின் சுவிட்ச் அடிக்கடி விழுந்தது, ஐஸ்பெட்டியில் இருந்த சாமானெல்லாம் கெட்டது. அவள் மறுபடி போன் செய்தாள். மறுபடியும் அதே பதில். அப்புறம் அவள் போன் செய்வதையே விட்டுவிட்டாள். அதற்குள் ஈரமான கூரைச் சட்டங்களில் கரையான் ஏறிவிட்டது. ஒரு நாள் ராத்திரியோடு ராத்திரியாக அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். பாக்கி வாடகையும் கிடைக்கவில்லை. கூரைச் சட்டம் மாற்றி, சிலிங் மாற்றி, வயரிங் இழுத்துக் கரையானுக்கு மருந்து அடித்து முடிக்கும்போது, வாங்கி வைத்திருந்த இரண்டு மாத டெபோசிட்டைப்போல் பல மடங்கு செலவாகியிருந்தது. வேலை முடியும்வரை வீடும் பூட்டியே கிடந்தது.

வாடகையைப் பிடித்து வைத்திருப்பது அவர்கள். ஆனால் நனைவது யாருடைய கூரை? தண்டனை என்று நினைத்து நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் உங்கள் சொத்தைத்தான் அரிக்கிறது. குடியிருப்பவர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடலாம். கூரையை நீங்கள் எங்கே கொண்டு போவீர்கள்?

எனக்கு எரிச்சல் பணத்தால் மட்டும் இல்லை. லயத்தில் கூரை ஒழுகியபோது ஆபீஸ் வாசலில் போய் நின்ற தலைமுறை நாம். "மானேஜர் வரட்டும், பார்க்கலாம்" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு, ஒழுகும் இடத்தில் வாளி வைத்துத் தூங்கிய பிள்ளைகள் நாம். அந்த ஆபீஸில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் பதிலைச் சொன்ன இந்தக் கிராணிக்கே, அதனால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இரண்டையும் தனித்தனிக் கணக்காக வையுங்கள். பழுது என்று செய்தி வந்தால், பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கோ மறுநாளோ போய்ப் பாருங்கள். டார்ச் விளக்கோடு போய்ப் படம் எடுங்கள். அந்த வீட்டுக்குள் நிற்கும்போது வாடகைப் பேச்சை எடுக்காதீர்கள். அது கொஞ்சம் கஷ்டம்தான், வாய்வரைக்கும் வரும். ஆனால் ரிப்பேருக்கு வந்தவர் வாடகை பேசினால், அடுத்த முறை ஒழுகும்போது அவர்கள் சொல்லவே மாட்டார்கள். சொல்லாமல் விட்ட ஒழுகல்தான் கூரைச் சட்டத்தை உளுத்துப்போக வைக்கிறது.

வாடகைக்கு வேறு வழி இருக்கிறது. தவணை தாண்டி ஒரு வாரம் ஆனதும் செய்தி அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் எவ்வளவு, எந்தெந்த மாதம், எந்தத் தேதிக்குள் என்று எழுதிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பாதிப் பணம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, எந்த மாதக் கணக்கு என்று ரசீதில் எழுதுங்கள். எழுதாமல் வாங்கினால் கடைசியில் எந்த மாதம் பாக்கி என்பதே சண்டையாகிவிடும். 5,000 வெள்ளிக்குள் உள்ள பாக்கியை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். இன்னொரு வழியும் உண்டு: 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரஸ் சட்டப்படி, 12 மாத வாடகை பாக்கி வரைக்கும் வீட்டிலுள்ள பொருள்களைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற ஆணை கேட்க முடியும். அங்கே போய் நிற்கும்போது அவர்கள் போனில் "கூரை ஒழுகட்டும்" என்று நீங்கள் அனுப்பிய செய்தி இருந்தால், எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அதைத்தான்.

இதே தவறை மறுபக்கத்திலிருந்தும் சிலர் செய்வார்கள். "ரிப்பேர் பண்ணலயே, வாடகையில பிடிச்சுக்கிட்டேன்" என்பார்கள். அதற்கு இடம் கொடுக்காமல் இருக்க ஒரே வழி ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுவது. கூரை, சுவருக்குள் ஓடும் பைப், வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. பல்பு, பைப் வாஷர், அடைத்துக்கொண்ட சிங்க் குடியிருப்பவர் பொறுப்பு. அவர்களாகவே ஆள் வைத்துச் செய்தால் எவ்வளவு வெள்ளி வரைக்கும், யாரிடம் கேட்டுவிட்டு என்பதையும் எழுதிவிடுங்கள்.

பூட்டை மாற்றுவது, கரண்டை நிறுத்துவது

கோபத்தில் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2), குடியிருப்பவரை நீதிமன்ற ஆணை இல்லாமல் வெளியேற்றக்கூடாது என்று சொல்கிறது. ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாமல் இருப்பவருக்கும் இது பொருந்தும். அவர் வேலைக்குப் போன நேரத்தில் பூட்டை மாற்றிச் சாமான்களை ஐந்தடியில் (வாசல் நடைபாதையில்) வைத்தால், வாடகை கட்டாதவர் பலாயில் (போலீஸ் நிலையத்தில்) புகார் கொடுப்பார், நஷ்ட ஈடும் கேட்பார். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் மேல் வரும். மீட்டரை அடைத்து விரட்டப் பார்ப்பதும் அதே வம்புதான்.

சட்டம் உங்களுக்கும் ஒரு கை கொடுக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் உட்கார்ந்திருப்பவரிடம், காலி செய்யும்வரை இரட்டிப்பு வாடகை கோர 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம், பிரிவு 28(4) வழி விடுகிறது. ஆனால் தேதி முடிந்ததும் எழுத்தில் காலி செய்யச் சொல்லியிருக்க வேண்டும். பழைய வாடகையையே மாதா மாதம் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும்.

மச்சான் வயரிங் பார்ப்பார்

பார்க்க வேண்டாம். மின்சார வேலைக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் வேண்டும். பைப்பிலோ பெயிண்டிலோ சிக்கனம் பிடிக்கலாம். குளியலறை ஹீட்டரில் மட்டும் கூடாது. அதற்குத் தனியாக 10 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று சாவி கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதைக் குடியிருப்பவரிடம் நேரில் காட்டிச் சொல்லுங்கள். ஒழுகல் இருந்த வீடு என்றால் இது இன்னும் முக்கியம். உயிர் போனால் எந்த ஒப்பந்தமும் உதவாது.

படம் எடுக்காமல் சாவி கொடுப்பது

ஒவ்வொரு அறையும், மீட்டர் எண்ணும். அன்றைக்கே குடியிருப்பவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

"டெபோசிட்ல கழிச்சுக்குங்க"

வேண்டாம். கடைசி மாத வாடகைக்கு அதைக் கழித்துவிட்டால் உடைந்த கதவுக்கு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

தெனாகா மின்சாரக் கணக்கை உங்கள் பெயரிலேயே விட்டு வைப்பது

குடியிருப்பவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய பில்லுக்கு நீங்கள் அலைய வேண்டாம்.

முத்திரை இல்லாத ஒப்பந்தம்

கடையில் வாங்கிய பாரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் ஹாசிலில் (வருமான வரி வாரியத்தில்) முத்திரை வரி கட்ட வேண்டும். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. தாமதத்துக்கு அபராதமும் உண்டு. ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரி முதல் இல்லை. இருந்தாலும் 600 வெள்ளி வாடகைக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்றால் வரி 29 வெள்ளிதான். மேலே சொன்ன பாக்கி வழக்கு எதைத் தொடுத்தாலும் முதலில் கேட்கப்படுவது இந்தத் தாள்தான். 29 வெள்ளிக்குக் கணக்குப் பார்ப்பதில் எந்த லாபமும் இல்லை.

வெளிநாட்டுத் தொழிலாளர் தங்க வீடு கேட்டால்

தோட்டமோ தொழிற்சாலையோ ஏஜெண்டு மூலமாகக் கேட்டு வரும். வாடகை நூறு, இருநூறு கூடக் கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். ஆள்கள் தங்கும் இடத்துக்கு, தொழிலாளர் தங்குமிடங்கள் பற்றிய 446ஆவது சட்டப்படி, தொழிலாளர் துறையின் தங்குமிடச் சான்றிதழ் வாங்க வேண்டியது முதலாளி. அவரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தை ஏஜெண்டோடு போடாமல் நிறுவனத்தோடேயே போடுங்கள். ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் செல்லுபடியாகிறதா என்று நகல் வாங்கிப் பாருங்கள். பெர்மிட் இல்லாதவரைத் தன் இடத்தில் தங்க விட்டால் குடிநுழைவுச் சட்டப்படி ஓர் ஆளுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அந்தப் பையன்களும் நம் தாத்தாக்கள் மாதிரி கடல் தாண்டி வந்தவர்கள்தான். ஒரே அறையில் பத்துப் பேரைப் படுக்க வைத்து வாடகை வாங்குவது நமக்கு வேண்டாம்.

ரிப்பேர் பில்லைத் தூக்கிப் போடுவது

வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. ஆனால் பழுது பார்த்த செலவு, கதவு வரி (ஊராட்சிக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி), நில வரி, வீட்டுக் கடனின் வட்டி, காப்புறுதி ஆகியவற்றை அதிலிருந்து கழிக்கலாம். ஒழுகிய கூரையைச் சரிசெய்தது கழியும். புதிதாக ஓர் அறை கூட்டிக் கட்டியது கழியாது. அதனால் கண்டிராக்டரிடம் கையால் எழுதியதாவது ஒரு பில் கேட்டு வாங்கி, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு ஏழு வருடம் வைத்திருங்கள்.