கடற்காற்றுக்குத் தாங்குமா உங்கள் ஸ்பீக்கர்?

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து யன்னல் திறக்கும் வீட்டில் இருப்பவர்களுக்குக் கதவுப் பிணைச்சல் துருப்பிடிப்பது புதிதல்ல. ஆனால் கணினிக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது மட்டும் அந்த உப்புக்காற்று எங்களுக்கு மறந்துவிடுகிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி, நீல விளக்கு மின்னுகிற சோடியைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ரப்பர் போல மிருதுவான மேற்பூச்சு கைக்கு இதமாக இருந்தது. இரண்டாவது வருடம் அது பலாப்பால் தடவியதுபோலப் பிசுபிசுத்து, வீட்டுத் தூசி முழுவதையும் இழுத்துக்கொண்டது. வெப்பமும் ஈரப்பதமும் அந்த வகைப் பூச்சைச் சிதைத்துவிடும். பூச்சில்லாத சாதாரண பிளாஸ்டிக்கே நம் ஊருக்கு மேல்.

அழகைவிட முக்கியமானது, அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம். அதை யாரும் பார்ப்பதேயில்லை. முன்வலையைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வளையம் நுரைப்பஞ்சாக இருந்தால் இந்த ஈரத்தில் சில வருடங்களில் உதிரத் தொடங்கலாம்; பிறகு குரலே கரகரக்கும். ரப்பர் வளையம் நெடுநாள் உழைக்கும்.

அடுத்து, பெட்டியை விரல் மடக்கித் தட்டுங்கள். 'டொக்' என்று உடனே அடங்கினால் நல்லது. தகர டப்பா போல அதிர்ந்தால், பாட்டோடு சேர்ந்து பெட்டியும் பாடும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அடர்த்தியானது, அதிர்வு குறைவு. அதனால் மரப்பெட்டி என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். ஆனால் தண்ணீர் பட்டால் அது ஊதிப்போகும். அடிப்பக்க விளிம்புகளும் மூடி ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று திருப்பிப் பாருங்கள். யன்னலோரம் வைத்துவிட்டு மே மாதத் தென்மேற்குப் பருவமழையைக் குறை சொல்லிப் பயனில்லை. தடித்த சுவரும் உள்ளே விலா போன்ற தாங்கல்களும் உள்ள பிளாஸ்டிக் பெட்டி, மட்டமான பலகையை வென்றுவிடும்.

புறக்கோட்டையில் '1000 வாட்' என்று எழுதிய பெட்டிகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அது பி.எம்.பி.ஓ., அதாவது ஒரு கணத்து உச்ச சக்தி என்று சொல்லும் கணக்கு; பொது அளவுகோல் எதுவும் இல்லாததால் எவ்வளவும் எழுதலாம். யூ.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட், 500 மில்லி அம்பியர், அதாவது 2.5 வாட். அதை மட்டும் நம்பி ஓடும் பெட்டிக்குள் ஆயிரம் எங்கிருந்து வரும்? தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். அளவை மட்டும் கேளுங்கள்.

இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் வயர் கழற்றி மாட்டக்கூடியதா என்றும் பாருங்கள். உள்ளேயே பற்றவைத்த வயர் அறுந்தால் பெட்டியைத் திறக்கவேண்டி வரும். பின்பக்கம் காற்று வெளியேறும் துளை உள்ள ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். தாழ்ந்த ஒலி குழம்பும்.

என் பழைய சோடியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பார்மசியில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்த்தேன். பிசுபிசுப்பு போய்விட்டது. கூடவே நிறுவனத்தின் பெயரும்.