பிள்ளைகளோடு குல்குல் செய்வோம்: கிறிஸ்துமஸுக்குக் கொடுக்க வீட்டுப் பலகாரம்

டிசம்பர் பிறந்தால் பெங்களூரில் பிளம் கேக் இல்லாத பேக்கரியே கிடையாது, அதனால் கேக்கை நான் கடைக்கே விட்டுவிடுவேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டில் ஏதாவது செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டுமென்றால் குல்குல்தான் சரி. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கம் கிறிஸ்துமஸ் தட்டில் ரோஸ் குக்கீக்குப் பக்கத்தில் சுருள் சுருளாக இருக்குமே, மைதா மாவைச் சுருட்டி எண்ணெயில் பொரிக்கிற இனிப்பு, அதேதான். இதில் அதிக நேரம் பிடிக்கிற வேலை உருட்டுவது. அதற்கு அடுப்பும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், சின்ன விரல்கள் போதும். பிள்ளை டப்பாவை நீட்டி "நான் செஞ்சது" என்று சொன்னால் அது முழு உண்மையாக இருக்கும், எனக்கு அதுதான் முக்கியம்.

நன்றாகக் காய்ந்த குல்குல் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். அதனால் 25ஆம் தேதிக்கு முந்தைய சனி, ஞாயிறில் செய்துவிடுங்கள், 24ஆம் தேதி ராத்திரி வரை இழுக்க வேண்டாம்.

மாவு

மைதா 2 கப், ரவை 2 ஸ்பூன், பொடித்த சர்க்கரை கால் கப், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி கொஞ்சம். உலர்ந்த சாமான்களை அளந்து கொட்டிக் கலப்பது பிள்ளைகள் வேலை. 2 டேபிள்ஸ்பூன் நெய்யைச் சூடாக்கி நீங்கள் ஊற்றுங்கள், ஆறியதும் அவர்கள் விரல் நுனியால் பிசறட்டும். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், அதுதான் அளவு. பிறகு கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள், சுமார் அரை கப் பிடிக்கும். சப்பாத்தி மாவைவிட ஒரு பிடி இறுக்கமாக இருக்கட்டும், தளர்ந்தால் சுருளில் வரி விழாது. சிலர் முட்டை சேர்ப்பார்கள். நான் சேர்ப்பதில்லை, பக்கத்து வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் தயங்காமல் கொடுக்கலாம் பாருங்கள்.

ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் விடுங்கள். அதற்குள் பாட்டில் லேபிளுக்குப் படம் வரையச் சொல்லலாம்.

உருட்டுவது

மேஜையில் செய்தித்தாள் விரித்து ஆளுக்கொரு முள்கரண்டி கொடுங்கள். வாங்கி வைத்த புதுச் சீப்பு இருந்தாலும் சரி, கழுவிவிட்டு அதையே பயன்படுத்தலாம், வரி இன்னும் நெருக்கமாக விழும். மாவைக் கோலிக்குண்டு அளவுக்குக் கிள்ளிக்கொள்ளுங்கள். முள்கரண்டியின் பின்பக்கம் லேசாக எண்ணெய் தடவி, உருண்டையை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பரப்ப வேண்டும். பிறகு கைப்பிடிப் பக்கத்து ஓரத்திலிருந்து நுனியை நோக்கிச் சுருட்டிக்கொண்டே போனால், உள்ளே வெறும் குழல், வெளியே நான்கு கோடு, சிப்பி மாதிரி ஒன்று கையில் வந்து விழும். முடிகிற ஓரத்தை அழுத்தி ஒட்டுவது ரொம்ப முக்கியம், ஒட்டாவிட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். முதலில் வருவதெல்லாம் கோணல் மாணலாகத்தான் இருக்கும், நாலைந்து போனதும் கைக்குப் பிடிபட்டுவிடும். தயவுசெய்து பிள்ளை செய்ததை எடுத்துத் திருத்தாதீர்கள். கோணலும் அதே ருசிதான், ஆனால் திருத்திய பிறகு அது உங்கள் குல்குல் ஆகிவிடும். ஒன்றை மட்டும் பாருங்கள், அளவு ஒன்றுபோல் இருக்கட்டும், பெரிதும் சிறிதுமாகக் கலந்தால் சிலது கருகும், சிலது உள்ளே வேகாது. உருட்டியதைத் துணி போட்டு மூடியே வையுங்கள், மிச்ச மாவையும் அப்படியே.

பொரிப்பது, பாகு

இனி பிள்ளைகள் சமையலறைக்கு வெளியே. எண்ணெய் மிதமாகக் காயட்டும், ஒரு துண்டு மாவைப் போட்டால் அடியில் போய் மெல்ல மேலே வர வேண்டும். சட்டென்று மேலே வந்தால் சூடு அதிகம். மாவில் சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் சிவக்கும், சிறு தீயில் பொறுமையாகக் கிளறிக்கொண்டே பொரித்து, தேன் நிறம் வரும்போதே அரித்து எடுத்துவிடுங்கள், வெளியே எடுத்த பிறகும் ஒரு சுற்று நிறம் கூடும். மொறுமொறுப்பு ஆறிய பிறகுதான் வரும், எடுத்ததும் மெத்தென்று இருந்தால் பயப்பட வேண்டாம்.

மேலே வெள்ளைப் பூச்சு வேண்டுமென்றால் முக்கால் கப் சர்க்கரையில் கால் கப் தண்ணீர் விட்டு இரண்டு கம்பிப் பதம் வரும் வரை காய்ச்சி, அடுப்பை அணைத்துக் குல்குலைப் போட்டுப் புரட்டிக்கொண்டே இருங்கள். பாகு வறண்டு வெள்ளையாகப் படியும். இந்தப் பாகு கொதிநீரைவிடச் சூடு, தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிள்ளைகளைக் கிட்டவே விடாதீர்கள். பூச்சு இல்லாமலும் நன்றாகவே இருக்கும்.

பொரிக்கவே வேண்டாமென்றால்

கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தில் முந்திரியை வைத்து மூடி, உருக்கிய காம்பவுண்ட் சாக்லேட்டில் தோய்த்து பட்டர் பேப்பரில் வையுங்கள். உருக்குகிற கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கெட்டியாகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் குளிருக்கு ஃபிரிட்ஜ் இல்லாமலே இறுகும். ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதைக் கொடுக்காதீர்கள், முழு முந்திரி தொண்டையில் அடைக்கும்.

கட்டிக் கொடுப்பது

குல்குல் முழுக்க ஆறட்டும், குறைந்தது இரண்டு மணி நேரம். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்து எல்லாம் நமுத்துப்போகும். இந்த அளவு மாவுக்குச் சின்ன ஜாம் பாட்டில் மூன்று நான்கு நிறையும். பழைய பாட்டில்களையே கழுவி வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள், ரிப்பனும் கலர் பேப்பரும் அவென்யூ ரோட்டிலோ சிக்பேட்டையிலோ வாங்கிக்கொள்ளலாம். லேபிளில் பிள்ளை தன் கையாலேயே எழுதட்டும்: பெயர், செய்த தேதி, மைதா, நெய், தேங்காய்ப்பால் இருக்கிறது, முட்டை இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், ஆனால் இந்த விவரம் விடுபடக் கூடாது, ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள்.

தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் எந்தெந்த வீட்டிலிருந்து நமக்குத் தட்டு வந்ததோ அந்த வீடுகளை முதலில் கணக்கில் எடுங்கள், அப்புறம் வாட்ச்மேன் அண்ணா, வீட்டு வேலைக்கு வருகிற அக்கா. கதவைத் தட்டுவதும் பிள்ளையாகவே இருக்கட்டும், நீங்கள் லிஃப்ட் பக்கம் நின்றுகொண்டால் போதும்.