விளக்குத் திரையிலேயே அளவுகோல்

இரவில் விளக்கொளிக்கு வரும் அந்துப்பூச்சிகளைப் படமெடுத்துப் பதிவு செய்யக் கட்டும் வெள்ளைத் துணியில், விளக்கு வெளிச்சம் நேராக விழும் பகுதி முழுக்க 1 செ.மீ. கட்டங்களை அழியாத மார்க்கரால் மெல்லிய கோடுகளாக வரைந்துவிடுங்கள். பருத்தித் துணி முதல் சலவையிலேயே சுருங்கும். துவைத்துக் காயவைத்த பிறகே வரைய வேண்டும்.

அளவுகோல் இல்லாத படத்தில் 12 மி.மீ. பூச்சியும் 25 மி.மீ. பூச்சியும் ஒரே அளவாகத்தான் தெரியும். இனம் காண்பவருக்கோ முன்னிறகின் நீளம், அதாவது அடியிலிருந்து நுனிவரை, தெரிந்தாக வேண்டும். கட்டம் பூச்சிக்கு அடியிலேயே இருப்பதால் பக்கத்தில் ஸ்கேலை நீட்டி அதைக் கிளப்பிவிட வேண்டியதில்லை. கேமராவைத் துணிக்கு நேராகப் பிடியுங்கள், சாய்த்தால் அளவு கெடும். லாமினேட் செய்த கிராஃப் தாளைக் குத்திவைப்பது வீண்வேலை. ஃபிளாஷ் பட்டுப் பளபளக்கும்.

இறகைக் கூரைபோல் மடித்து உட்காரும் பூச்சிகளுக்கு இந்த அளவு குறைத்தே காட்டும். அவற்றைப் பக்கவாட்டிலும் ஒரு படம் எடுங்கள். இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால் மட்டுமே பிரித்தறிய முடிகிற இனங்களுக்கு எந்த அளவும் உதவாது, பேரினத்தோடு பதிவை நிறுத்திக்கொள்ளுங்கள்.